முத்தாயியிடம் இருந்த வார்த்தைகள்

நம் நாட்டில் நன்றி பெரும்பாலும் விலாசம் தப்பித்தான் போய்ச் சேருகிறது. மருத்துவர் பாடுபட்டுப் பிழைக்க வைத்த குழந்தைக்கு மலைக்கோயிலில் மொட்டை அடிக்கிறோம். கிணறு வெட்டியவர்களின் பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கிணற்றடியில் நட்டுவைத்த கல்லுக்கு மட்டும் வாரந்தவறாமல் மஞ்சள் பூசுகிறோம். திருப்பூரில் நகராட்சிப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் கண்ணம்மாள் இந்தப் பிழையைச் செய்ய மறுத்தவர். தனக்குக் கிடைத்தது யாரால் கிடைத்தது என்று அவருக்குத் தெரியும். கேட்டால் பெயர் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அவருடைய அப்பா கந்தவேல் கைத்தறி நெசவாளி. சோமனூர்ப் பக்கம் நெய்துகொண்டிருந்தவர், நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன காலத்தில் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தார். அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த ஒரே பெண் கண்ணம்மாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் பரீட்சை எழுதினார். மற்றப் பாடங்களில் எல்லாம் தேறி, ஆங்கிலத்தில் தவறினார். ஒரு சொல்லைக் கொடுத்து, அதே பொருள் தரும் வேறு சொல் கேட்கும் பகுதி ஒன்று வினாத்தாளில் இருந்தது. அந்தப் பகுதியை அநேகமாக வெறுமையாகவே விட்டுவிட்டு வந்திருந்தார்.

எப்படி எழுதியிருக்க முடியும்? பள்ளிக்கூடத்தில் ஓர் ஆங்கில அகராதி இருந்தது. பிள்ளைகள் கை பட்டால் கிழிந்துவிடும் என்று அதைத் தலைமையாசிரியர் தம் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது 'எம்' எழுத்து வரைக்கும் செல்லரித்திருந்தது. அந்தப் பள்ளியில் அகராதியை அவ்வளவு தூரம் படித்தது செல் மட்டுந்தான்.

கந்தவேல் மகளின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனார். ஐந்தாமிடத்தில் சனி இருக்கிறது, அந்நிய பாஷை ஆகிவராது என்று ஜோசியர் சொன்னார். வெள்ளைக்காரன் இருநூறு வருஷம் இந்த நாட்டை ஆண்டபோது சும்மா இருந்த சனி, ஒரு நெசவாளி மகளின் வினாத்தாளில் வந்து உட்கார்ந்துகொண்டதாம்! பூட்டிய அலமாரியை யாரும் குற்றம் சொல்லவில்லை.

"இன்னொருக்கா எழுதிப் பாரு கண்ணு. கம்பெனிக்குப் போயிட்டே எழுது. அதுலயும் போச்சுன்னா, சனியோட மல்லுக்கட்ட நம்மளால ஆகாது" என்றார் அப்பா.

தேறினால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். தவறினால் பனியன் கம்பெனி, பிறகு யாராவது ஒரு மாப்பிள்ளை. கண்ணம்மாளுக்கு வகுப்பறை வேண்டும். எஞ்சியிருந்த வாய்ப்பு அந்த ஒரு பரீட்சைதான்.

கம்பெனியில் அவருக்குக் கிடைத்த இடம் செக்கிங் மேசை. தைத்து வந்த பனியனைத் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, ஓட்டையும் எண்ணெய்க் கறையும் இருப்பதை ஒதுக்கி, நல்லதை அளவு பார்த்து மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டும். மேசையைச் சுற்றி எல்லாம் பெண்கள். முதல் வாரமே கண்ணம்மாள் ஓர் அட்டைத் துண்டில் ஆங்கிலச் சொற்களை எழுதி எதிரில் சாய்த்து வைத்தார். மேற்பார்வை பார்க்கும் சென்னியப்பன் மேஸ்திரி அதை எடுத்துக் கிழித்தார். வெள்ளைத் துணி இருக்கும் மேசையில் மை பட்ட எதுவும் இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. அதில் நியாயமும் இருந்தது. ஆகவே எழுத்தை விட்டுவிட்டு, சொற்களை வாய்க்குள்ளேயே உருட்டத் தொடங்கினார்.

பக்கத்தில் நின்ற முத்தாயிக்கு அது பொறுக்கவில்லை. அந்த மேசையில் அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

"ஏம்புள்ள, வாயில என்னத்தப் போட்டு மென்னுட்டே இருக்கற?"

"வார்த்தைங்கக்கா. பெருசுங்கறதுக்கு இங்கிலீஷ்ல நாலு வார்த்தை இருக்குதுங்க. மூணு வருது, ஒண்ணு நழுவிப் போயிருது."

"ஒரு பெருசுக்கு நாலு வார்த்தை எதுக்கு? வெள்ளக்காரனுக்கு வேற சோலியில்லையாக்கும்."

"நீங்க மட்டும் மேஸ்திரியத் திட்டறதுக்கு ஒரே வார்த்தையாங்கக்கா வெச்சிருக்கீங்க?"

மேசையே சிரித்தது. மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். முத்தாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையிலிருந்த பனியனை மடித்தபடியே சொன்னார்: "அது செரி. அந்த நழுவற வார்த்தைய எங்கிட்டக் குடு. நான் வெச்சிருக்கறேன். வேணுங்கறப்பக் கேளு, குடுக்கறேன்."

அப்படித்தான் தொடங்கியது. நழுவின ஒன்றை மட்டும் எதற்குத் தனியாக வைத்துக்கொள்வது என்று நான்கையுமே முத்தாயி வாங்கிக்கொண்டார்: பிக், லார்ஜ், ஹ்யூஜ், எனார்மஸ். கடைசிச் சொல் அவர் வாயில் 'எனாருமாசு' ஆனது. ஆனாலும் ஒருநாளும் தொலையவில்லை. கண்ணம்மாள் "பெருசு!" என்று கூப்பிடுவார். முத்தாயி கத்தரியை நிறுத்தாமல் நான்கையும் கொட்டுவார்.

இதைப் பார்த்து மற்றவர்களும் பங்கு கேட்டார்கள். பெரியாத்தாள் இளம் வயதில் கணவனை இழந்தவர். அவருக்குத் துக்கத்துக்கான சொற்களைக் கண்ணம்மாள் கொடுக்கப் போனபோது, "அது எங்கிட்ட ஏற்கனவே நெறைய இருக்குது கண்ணு. சிரிக்கறதக் குடு" என்றார். மகிழ்ச்சிச் சொற்கள் அவரிடம் போயின. பெரியாத்தாளுக்கு நல்ல நினைவு. ஆகவே கேட்பதற்கான சொற்களும் அவர் பொறுப்புக்கே வந்தன: ஆஸ்க், பெக், ரிக்வெஸ்ட், டிமாண்ட்.

உண்பதற்கான சொற்களைத் தெய்வாத்தாள் வைத்துக்கொண்டார். அவர் ஊருக்கு வெளியே தள்ளி வைத்த வளவிலிருந்து வருகிறவர். மேசையில் எல்லோரும் ஒரே பனியனைத் தொட்டு வேலை செய்தார்கள். ஆனால் தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது. யாராவது மொண்டு ஊற்ற, கை குவித்துக் குடிக்க வேண்டும். ஆண்டவன் வகுத்தது என்பார்கள். அந்த ஆண்டவனை இழுத்துவந்து கை குவித்துத் தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டும். கண்ணம்மாளுக்கு ஈட், கன்ஸ்யூம், டிவௌர் என்ற சொற்கள் தேவைப்பட்டபோதெல்லாம் தெய்வாத்தாள் வாயிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சொற்களில் யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் ஒரு பிழை உள்ளே நுழைந்தது. அது கொங்கு நாட்டவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

"நாலும் ஒண்ணுதான்னு சொல்றயே, இதுல எது புள்ள மருவாதி?" என்று ஒருநாள் முத்தாயி கேட்டார்.

"பொஸ்தகத்துல எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்னுதானுங்க போட்டிருக்குது."

"அதெப்படி? 'வாடா'ங்கறதும் 'வா'ங்கறதும் 'வாங்க'ங்கறதும் ஒண்ணாயிருமா? எந்த ஊர்ல நடக்கும்? பெரியவீங்களுக்கு ஒண்ணு, சின்னவீங்களுக்கு ஒண்ணு இருந்தே தீரோணும்."

கண்ணம்மாளுக்கு அது நியாயமாகவே பட்டது. பேச்சுக்குப் பேச்சு மரியாதை வைக்கும் ஊரில் பிறந்தவர் வேறெப்படி நினைப்பார்? எந்தச் சொல் கனமாக ஒலிக்கிறதோ அது பெரியவர்களுக்கு என்று மேசையே கூடி முடிவு செய்தது. விருந்தாளிக்குப் பெரிய இலை போடுவது போல. அந்த முடிவின்படி கண்ணம்மாள் பயிற்சிக்காக எழுதிப் பார்த்த கட்டுரை ஒன்றில், ஊருக்கு வந்த கலெக்டர் விருந்தை 'டிவௌர்' செய்தார். ஓநாய் ஆட்டைக் கிழித்து விழுங்குவதற்கு உரிய சொல் அது. திருத்துவதற்கு ஆளில்லை.

பரீட்சை நெருங்கியது. விடுமுறை வாங்க வேண்டும். வாயால் கேட்டால் மேஸ்திரியே மறுத்து அனுப்பிவிடுவார். முதலாளிக்குக் கடிதமாகவே, அதுவும் ஆங்கிலத்திலேயே எழுது என்று மேசை தீர்மானித்தது. "நம்ம மேசையோட கவுரதை தெரியட்டும்" என்றார் முத்தாயி.

"கேக்கறதுக்கு எந்த வார்த்தை போடறதுங்கக்கா?"

பெரியாத்தாள் நான்கையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "டிமாண்டு. சொல்றப்பவே நெஞ்சுல இடிக்குது பாரு. மொதலாளிக்கு அதுதான் சரி."

முதலாளி குமாரசாமி ஒற்றை நிட்டிங் மெஷினில் தொடங்கி முன்னுக்கு வந்தவர். ஆங்கிலம் படித்தவரல்ல. டஜன், பில், ஆர்டர், பார்சல் என்று தொழிலுக்கு வேண்டிய சொற்கள் தெரியும். அவற்றோடு இன்னொரு சொல்லும் தெரியும். முந்தைய ஆண்டு வாசலில் யூனியன்காரர்கள் வந்து நின்றபோது, தட்டியிலும் நோட்டீசிலும் கொட்டை எழுத்தில் இருந்த சொல் அது. திருப்பூரில் எந்தக் கம்பெனி முதலாளியும் எழுத்துக்கூட்டாமல் படிக்கக்கூடிய ஆங்கிலச் சொல் ஒன்று அந்தக் காலத்தில் உண்டென்றால் அது டிமாண்ட்தான். கடிதத்தில் மற்ற எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அது மட்டும் பட்டது.

"சென்னியப்பா! ஆரு நம்ம மேசைல யூனியன் கட்டறது?"

கண்ணம்மாளைக் கூட்டி வந்தார்கள்.

"இதென்ன எழுதீருக்கற?"

"லீவுங்க மொதலாளி. பரிச்சைக்குப் போகோணுங்க."

"டிமாண்டுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"கேக்கறதுங்க."

"கேக்கறதா! போன வருசம் கேட்டுல வந்து நின்னு தொண்டை கிழியக் கேட்டானுகளே, அந்தக் கேக்கறது!"

"இருக்கறதுலயே மருவாதியான வார்த்தைன்னு நெனச்சுப் போட்டமுங்க."

"போட்டமா? அப்ப நீ ஒருத்தி இல்ல, கூட்டந்தான்" என்றார் மேஸ்திரி.

பம்பாய்க்குப் பெட்டிகள் போக வேண்டிய நேரம் அது. விடுமுறை இல்லை, மீறிப் போனால் திரும்பி வர வேண்டாம், நாளையிலிருந்து மேசையில் நிற்கக் கூடாது, குடோனில் தனியாக உட்கார்ந்து பிசிறு வெட்ட வேண்டும் என்று முதலாளி முடித்துவிட்டார்.

கண்ணம்மாள் மேசைக்குத் திரும்பி வந்து, நடந்ததைச் சொன்னார். வேலை போனால் அப்பா பரீட்சைக்கே விடமாட்டார். பரீட்சைக்குப் போனால் வேலை போகும். இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று. அவர் அழவில்லை, அடுத்த பனியனை எடுத்துப் பிசிறு வெட்டத் தொடங்கினார். அதைத்தான் பார்க்க முடியவில்லை என்று பின்னாளில் முத்தாயி சொன்னார். அன்று முத்தாயி தன் கத்தரியைக் கீழே வைத்தார்.

"பெரியாத்தாக்கா, அந்தக் கேக்கற வார்த்தை உங்ககிட்டத்தான இருக்குது? எடுத்துக்கிட்டு வாங்க போலாம்."

மேசை முழுவதும் முதலாளி அறைக்குப் போயிற்று. அந்த அறையின் வாசற்படியை அதுவரை மிதித்திராத தெய்வாத்தாளும் உள்ளே போய் நின்றார்.

"மொதலாளிங்க, அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க. வார்த்தைய எடுத்துக் குடுத்தது நாங்க. உங்களுக்கு மருவாதியா இருக்கோணும்னுதானுங்க குடுத்தம்" என்றார் முத்தாயி.

குமாரசாமிக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. "செரி, இப்பத் தெரிஞ்சு போச்சல்ல? அத அடிச்சுப்போட்டு வேற வார்த்தை போட்டுக் கொண்டாரச் சொல்லு. அப்புறம் பாக்கலாம். ஏப்பா சென்னியப்பா, கணக்குப்பிள்ளை கடுதாசியில எல்லாம் என்னமோ எழுதுவானே?"

"பெக்குங்க. ஐ பெக்குன்னு எழுதுவாருங்க."

"ஆங், பெக்கு. அப்படி எழுது."

முத்தாயி திரும்பிக் கண்ணம்மாளைப் பார்த்தார். "பெக்குன்னா என்ன புள்ள?"

"அதும் கேக்கறதுதானுங்கக்கா. பிச்சை கேக்கறதுக்கும் அதே வார்த்தைதானுங்க."

முத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அவருக்கு வீட்டில் நான்கு வயிறுகள் இருந்தன. வேலை போனால் வேறு கம்பெனியில் சேர்க்கமாட்டார்கள்; முதலாளிகள் ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புவார்கள். எல்லாம் தெரிந்துதான் பேசினார்.

"அப்ப வேண்டாமுங்க மொதலாளி. மொதல்ல போட்ட வார்த்தையே இருக்கட்டுமுங்க."

"என்னது?"

"தெரியாமத்தான் போட்டமுங்க. இப்பத் தெரிஞ்சே போடறமுங்க. அந்தப் புள்ள பங்கு வேலைய நாங்க சேத்தி முடிச்சுக் குடுக்கறமுங்க. லீவு இல்லைன்னுட்டீங்கன்னா, பரிச்சை முடியற வரைக்கும் நாங்களும் வரலீங்க."

இத்தனையும் 'ங்க' ஒன்றுகூடக் குறையாமல். கொங்குப் பெண்கள் புரட்சி செய்தாலும் மரியாதையாகத்தான் செய்வார்கள்.

"பொம்பளைக கூடிட்டா இப்படித்தான். நீங்க இல்லாட்டிக் கம்பெனி நின்னுருமா?" என்றார் மேஸ்திரி.

தெய்வாத்தாள் பின்னாலிருந்து வாயைத் திறந்தார். "நிக்காதுங்க மேஸ்திரி. பம்பாய்ப் பெட்டிக்கு நீங்க மடிங்க. நாங்க கேட்டுல நின்னு பாத்துட்டுப் போறம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். முதலாளியே சிரித்தார் என்று பெரியாத்தாள் சொல்லுவார். இல்லை, அது இருமல் என்பார் முத்தாயி. எப்படியோ, குமாரசாமி சுவரோரம் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"போங்க. லீவு குடுத்தாச்சு. அந்தப் புள்ள மேசையிலயே நிக்கட்டும். ஆனா இந்தக் காயிதத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க. அந்த வார்த்தை எம் மேசைல கெடக்கக் கூடாது."

அன்றிலிருந்து பரீட்சை வரைக்கும் அந்த மேசையில் நடந்ததுதான் உண்மையான பாடம். ஒரே பொருள் என்று புத்தகம் சொன்ன நான்கு சொற்களில், ஒன்று வெறுமனே கேட்கிறது, ஒன்று கைநீட்டுகிறது, ஒன்று வணங்கிக் கேட்கிறது, ஒன்று நிமிர்ந்து நிற்கிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு எந்தச் சொல்லையும் அவர்கள் சும்மா ஏற்கவில்லை. இதை யார் சொல்லுவார், யாரிடம், எந்த நேரத்தில் என்று கேட்டார்கள். பதில் தெரியாதபோது கண்ணம்மாள், அதுவரை எட்டிப் பார்த்திராத தெருமுனைப் படிப்பகத்துக்குப் போய், அங்கிருந்த அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொன்னார். அந்தப் படிப்பகத்தில் எதற்கும் பூட்டில்லை. டிவௌர் என்றால் ஓநாய் தின்கிற தீனி என்று தெரிந்த அன்று, "நம்ம கலெக்டர் பொழைச்சாரு போ. அந்த வார்த்தைய இனி மேஸ்திரிக்கு வெச்சுக்கலாம்" என்றார் தெய்வாத்தாள்.

பரீட்சை நாட்களில் கண்ணம்மாள் பங்குப் பனியனை மற்றவர்கள் பிரித்து எடுத்து மடித்தார்கள். பெட்டிகள் பம்பாய்க்குக் குறித்தபடி போய்ச் சேர்ந்தன.

முடிவு பத்திரிகையில் வந்தது. படிப்பகத்து வாசலில் கூட்டத்துக்குள் புகுந்து தன் எண்ணைக் கண்ணம்மாள் தானே பார்த்தார். வீட்டுக்கு ஓடி வந்து சொன்னதும் கந்தவேல் கண்கலங்கி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"சனி வெலகிருச்சு கண்ணு! முருகன் காப்பாத்தீட்டான். குளிச்சுப்போட்டு வா, மொதல்ல கோயிலுக்குப் போலாம்."

"நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் மொதல்ல கம்பெனிக்குப் போகோணுங்க."

"சாமிக்கு அப்புறந்தாம்மா எல்லாம்."

"முருகன் எம் பங்குப் பனியன மடிக்கலீங்கப்பா. முத்தாயக்கா மடிச்சாங்க."

அந்த ஒரு வரிக்காகவே அவருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வணக்கம் சொல்லலாம்.

கடையில் கல்கண்டு வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். பொட்டலத்தைப் பிரித்துத் தெய்வாத்தாள் கையில் கொடுத்து, எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். ஒரு கணம் மேசை தயங்கியது. பெரியாத்தாள் கையை நீட்டினார். பிறகு எல்லாக் கைகளும் நீண்டன. சாயங்காலம் கம்பெனி வாசலில் கந்தவேல் வந்து நின்றார். கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையில் தேங்காய்மூடியும் பழமும் இருந்தன. வெளியே வந்த முத்தாயியிடம் அதை அப்படியே நீட்டி, "இது உங்களுக்குச் சேர வேண்டியதுங்க" என்றார். ஒரு நாளில் அவ்வளவு தூரம் நடந்து வந்ததே அந்த மனிதருக்குப் பெரிய நடைதான்.

கண்ணம்மாள் பயிற்சி முடித்து ஆசிரியையானார். அவர் வகுப்பில் அகராதி ஜன்னலோரத்து மேசையில் திறந்தே கிடக்கும். அட்டை பிய்ந்து, பக்கங்கள் அழுக்கேறி, பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும். ஆங்கிலச் சொற்களை அவர் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சொற்குடும்பத்தைக் கொடுத்து, "நீ வெச்சுக்க. யாருக்கு வேணும்னாலும் எடுத்துக் குடு" என்பார். யாருக்குச் சொல் தேவையோ அவர்கள் அந்தப் பிள்ளையிடம் போய்க் கேட்க வேண்டும். மந்தம் என்று பெயர் வாங்கிய பிள்ளையிடமும் சொல் உண்டு. ஆகவே அந்தப் பிள்ளையும் தேவைப்படும். குடும்பங்களுக்குப் பெயரும் இருந்தது. முத்தாயி வார்த்தைகள், பெரியாத்தாள் வார்த்தைகள், தெய்வாத்தாள் வார்த்தைகள். புத்தகம் எழுதியவர்கள் பெயரைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இந்தப் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள்.

எழுபத்திரண்டாம் ஆண்டு பள்ளி திறந்த ஜூன் மாதத்தில், முத்தாயி தன் கடைசி மகள் சாரதாமணியை ஆறாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். வராந்தாவில் காத்து நின்றபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "முத்தாயி வார்த்தை!" என்று ஒரு குரல் கூப்பிட, "பிக், லார்ஜ், ஹ்யூஜ், எனார்மஸ்!" என்று வகுப்பே முழங்கியது. சாரதாமணி அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். "அம்மா, உன்ற பேரைச் சொல்றாங்க!"

முத்தாயி கதவருகில் போய் நின்றார்.

"ஏனுங்க டீச்சருங்க, வெச்சுக்கன்னு எங்கிட்டக் குடுத்துப்போட்டு, கேக்காம இத்தனை பேருக்குப் பங்கு போட்டுட்டீங்களே?"

"அக்கா! என்னையப் போயி டீச்சருங்கன்னு... பழையபடி புள்ளன்னே கூப்பிடுங்கக்கா."

"அதெல்லாம் ஆகாதுங்க. பள்ளிக்கூடத்துல மருவாதி மருவாதிதான்."

"அந்த வார்த்தை இன்னும் உங்ககிட்ட இருக்குதுங்களாக்கா?"

"இல்லாம? பிக்கு, லார்ஜு, ஹ்யூஜு, எனாருமாசு. கேட்டுக்கங்க, ஒண்ணும் கொறையல."

பிள்ளைகள் கண்ணம்மாள் சொல்லாமலே எழுந்து நின்றார்கள். தாங்கள் தினமும் கூப்பிடும் பெயர் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நிற்பதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

கண்ணம்மாள் சாரதாமணியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து, முன் வரிசையில் உட்கார வைத்தார். பிறகு முத்தாயியைப் பார்த்துக் கேட்டார்:

"இந்தப் புள்ளைக்கு எந்த வார்த்தைய வெச்சுக்கக் குடுக்கறதுங்கக்கா? உங்க வார்த்தையவே குடுக்கட்டுமா?"

முத்தாயி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அது என்னுதுங்க, அது எங்கிட்டயே இருக்கட்டும். பெரியாத்தாக்கா வெச்சிருந்தாங்களே, கேக்கற வார்த்தை. அதையக் குடுங்க. நாலையும் குடுங்க. எந்த எடத்துல எதை எடுக்கறதுன்னும் சொல்லிக் குடுத்துருங்க."